குர்குமின் மாத்திரை வாங்குவதற்கு முன்: பயன், பாதுகாப்பு, மற்ற மருந்துகளோடு வரும் சிக்கல்

"மஞ்சள்தானே, அது என்ன செய்துவிடப் போகிறது?" மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமினைப் பிரித்து அடைத்த கேப்சூல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். ரசத்தில் போட்டு, முகத்தில் பூசி, காயத்தில் அப்பி வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் டப்பாவில் வருவதும் ஒரே பொருள் இல்லை. சமையல் மஞ்சளின் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலேயே வெளியேறிவிடுகிறது. அதனால்தான் அது இவ்வளவு சாதுவாக இருக்கிறது. கேப்சூல் செய்கிறவர்கள் முதலில் கைவைத்தது அந்த இடத்தில்தான். பலனும் அங்கிருந்துதான் வருகிறது, வம்பும் அங்கிருந்துதான் வருகிறது. வாங்கலாமா, எப்படிச் சாப்பிடுவது, எந்த மருந்தோடு சேரவே கூடாது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளிலும் 2.5 முதல் 4.5 சதவீதம் வரைதான். நம் ஊர்ச் சமையலில் ஒருவர் ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 கிராம் மஞ்சள் தூள் சாப்பிடுகிறார் என்று வைத்தால், உள்ளே போகும் குர்குமின் 60 முதல் 100 மில்லிகிராம்.

இப்போது கேப்சூலைப் பாருங்கள். "மஞ்சள் சாறு 500 மி.கி., 95% குர்குமினாய்டுகள்" என்று போட்டிருக்கும். அதாவது ஒரு கேப்சூலில் குர்குமினாய்டுகள் (குர்குமினும் அதன் இனப் பொருள்களும்) 475 மி.கி. காலையும் இரவும் ஒன்று என்றால் 950. வீட்டுச் சாப்பாட்டில் வருவதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. உணவு நிறமூட்டியாகக் குர்குமினை அளவிட்ட உலக அளவிலான நிபுணர் குழு, தினமும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடத் தக்க அளவாக உடல் எடை கிலோவுக்கு 3 மி.கி. வரை வைத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. கேப்சூல் முதல் நாளே அதைத் தாண்டிவிடுகிறது. தாண்டினாலே விஷம் என்று அர்த்தமில்லை, ஆராய்ச்சிகளில் அதைவிட அதிகமும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ரத்தப் பரிசோதனையோடு ஒரு மருத்துவர் பக்கத்தில் இருந்தார்.

அளவு மட்டும் இருந்திருந்தால் பெரிய விஷயமில்லை. குர்குமின் தண்ணீரில் கரையாது, குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமின் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் கண்டுபிடிப்பதே சிரமமாக இருந்தது. அதோடு மிளகின் காரச்சத்தான பைப்பரின் 20 மி.கி. சேர்த்ததும் உடலுக்குக் கிடைத்த அளவு 2,000 சதவீதம் கூடியது. இன்று "மிளகுச் சாறு சேர்த்தது" என்று பெருமையாகப் போடும் டப்பாக்களுக்கெல்லாம் மூலம் அந்தச் சோதனைதான். வேறு வழிகளும் வந்துவிட்டன: லெசித்தின் என்ற கொழுப்போடு கட்டியது (இத்தாலியின் மெரிவா), மஞ்சளின் சொந்த எண்ணெயைத் திரும்பச் சேர்த்தது (கேரளத்தின் பி.சி.எம்.-95), மிக நுண்ணிய துகளாக்கியது (ஜப்பானின் தெராகுர்மின்). ஆகவே ஒரு பிராண்டின் 500 மி.கி.யும் இன்னொன்றின் 500 மி.கி.யும் சமமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் அளவை அப்படியே நீங்களும் சாப்பிடுவது அர்த்தமில்லாத வேலை.

படி 2: உங்களுக்கு இது தேவையா?

"ஆன்டிஆக்சிடன்ட்" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், என் யோசனை: வேண்டாம். சோதனைக் குழாயில் குர்குமின், செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்களை நன்றாகவே அடக்குகிறது. உடலுக்குள் போனால் ரத்தத்தில் தங்குவது மிகச் சொற்பம், உடல் வெப்பத்தில் அது வேகமாகச் சிதையவும் செய்கிறது. 2017இல் வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆராய்ச்சி முழுவதையும் அலசி, நிலையற்ற, உறிஞ்சப்படாத இந்தப் பொருளை மருந்தாக்கும் முயற்சியே வீண் என்ற அளவுக்குக் காட்டமாக எழுதினார்கள். அவ்வளவு கடுமை தேவையா என்பது வேறு கேள்வி. குறிப்பிட்ட சில தொல்லைகளுக்கு மனிதர்களிடம் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது.

முதலாவது முழங்கால் தேய்மான வலி. தாய்லாந்தில் 367 பேரை வைத்து 4 வாரம் நடந்த ஆய்வில், தினம் 1,500 மி.கி. மஞ்சள் சாறு, வலியைக் குறைப்பதில் தினம் 1,200 மி.கி. இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்குச் சளைக்கவில்லை. வயிற்று வலிப் புகார் மஞ்சள் பக்கம் குறைவு. தேய்ந்த மூட்டு வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், வலி குறையலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பெருங்குடல் புண் நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வழக்கமான மெசலமைன் மருந்தோடு தினம் 3 கிராம் குர்குமின் சேர்த்த ஒரு சிறு ஆய்வில், ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 24 பேரில் ஒருவருக்கும் இல்லை. கவனியுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு இல்லை, மருந்தோடு சேர்த்து.

அப்புறம் அஜீரணம். இதுவும் தாய்லாந்துதான், 2023இல் வந்தது: தினம் 2 கிராம் குர்குமினும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி.யும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்தன. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 240 பேரில் 9 மாதம் குர்குமின் சாப்பிட்டவர்கள் யாரும் சர்க்கரை நோயாளியாகவில்லை, மற்றவர்களில் 16.4 சதவீதம் பேர் ஆனார்கள் என்ற 2012ஆம் ஆண்டு ஆய்வும் அங்கிருந்து வந்ததே. அவ்வளவு சுத்தமான பூஜ்யம் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

புற்றுநோயைக் குணமாக்கும், மறதி நோயைத் தடுக்கும் என்பவற்றுக்கு மனிதர்களிடம் நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. யாராவது புற்றுநோய்க்கு மருந்துக்குப் பதிலாக இதைத் தரச் சொன்னால் அவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

படி 3: சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். மருந்துக்கடைக் கவுண்டரில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும்:

"தம்பி, மூட்டு வலிக்கு மஞ்சள் மாத்திரை இருக்காமே, ஒரு டப்பா குடுங்க."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பி.பி.க்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, அப்புறம் ஹார்ட்டுக்கு டாக்டர் குடுத்தது சின்னதா ஒண்ணு."

அந்தச் "சின்னதா ஒண்ணு" என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். மருந்துச் சீட்டில் இல்லாத சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கும் மருந்துகள் முதலில். வார்ஃபரின், அசினோகூமரால் (நம் ஊரில் அசிட்ரோம் என்று எழுதுவது), அபிக்சபான், ரிவராக்சபான், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின். செயற்கை வால்வு வைத்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்கள் இவற்றில் ஒன்றையாவது சாப்பிடுவார்கள். குர்குமின் தானே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது, இரண்டும் சேர்ந்தால் கசிவு கூடும். 2018இல் நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது: வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சப்ளிமென்ட் தொடங்கிய பிறகு ஐ.என்.ஆர். 10ஐத் தாண்டியிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, பொதுவாக 2 முதல் 3க்குள் வைத்திருக்க வேண்டியது. 10 என்றால் எந்த நேரமும் உள்ளே ரத்தம் கசியலாம். இந்த மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் குர்குமின் கேப்சூலை விட்டுவிடுவதே சரி.

அடுத்து பைப்பரினின் வேலை. குர்குமினை வெளியே தள்ளவிடாமல் தடுப்பது எப்படி? மருந்துகளை உடைக்கும் நொதிகளையும், குடல் சுவரில் மருந்தைத் திருப்பி வெளியே தள்ளும் புரதத்தையும் மிளகுச் சத்து மந்தமாக்குகிறது. அந்த நொதிகள் குர்குமினுக்காக மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் சாப்பிடும் பாதி மாத்திரைகளைக் கவனிப்பதும் அவைதான். வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் உங்கள் விருந்தாளி மட்டுமா உள்ளே வருவார்? வலிப்புக்கான ஃபெனிடாயின், பி.பி.க்கும் படபடப்புக்கும் தரும் புரொப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் மூன்றின் அளவும் பைப்பரினோடு சேரும்போது ரத்தத்தில் உயர்வது மனிதர்களிடமே பார்க்கப்பட்டிருக்கிறது. ஃபெனிடாயினுக்கும் தியோஃபிலினுக்கும் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு.

சிறுநீரகம், கல்லீரல் மாற்றிப் பொருத்தியவர்களுக்கு இங்கே சலுகையே இல்லை. உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க அவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். அளவுக்கு மீறி ஸ்பூன் ஸ்பூனாக மஞ்சள் தூளே சாப்பிட்ட ஒருவருக்கு டாக்ரோலிமஸ் எகிறி சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2017இல் ஒரு மருத்துவப் பதிவு இருக்கிறது. அதே வேலைக்குத் தரும் சைக்ளோஸ்போரினுக்கும் இதே எச்சரிக்கைதான்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்சிஃபென் உடலுக்குள் எண்டாக்சிஃபெனாக மாறித்தான் வேலை செய்யும். நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஆய்வில், குர்குமினையும் பைப்பரினையும் சேர்த்துச் சாப்பிட்டபோது எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே அளவு விளிம்பில் இருப்பவர்களுக்கு அதுவே போதும், மருந்து எடுபடாமல் போக. கீமோதெரபி மருந்துகள் சிலவற்றின் வேலையைக் குர்குமின் மழுங்கடிப்பதும் எலிகளில் தெரிந்திருக்கிறது. வீட்டில் அன்போடு வாங்கி வந்து கொடுப்பது பெரும்பாலும் இவர்களுக்குத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு கேப்சூல்கூட வேண்டாம்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்குக் குர்குமினும் சேர்ந்து சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கலாம். கிளிமெபிரைடு போன்றவை சாப்பிடுகிறவர்கள் முதல் சில வாரம் வீட்டிலேயே அடிக்கடி குத்திப் பார்ப்பது நல்லது. பெருங்குடல் புண்ணுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் சல்ஃபாசலசின் சாப்பிட்டால் அதன் அளவு ரத்தத்தில் பல மடங்கு கூடலாம். காசநோய்க் கூட்டு மருந்து, மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோட்ரெக்சேட் இரண்டும் ஏற்கெனவே கல்லீரலைப் பதம்பார்ப்பவை, அந்தக் கோர்ஸ் முடியும்வரை குர்குமினை மறந்துவிடுங்கள். ஏன் என்பது படி 6இல் வருகிறது.

"காலையில் அது, ராத்திரி இது என்று நேரம் மாற்றிச் சாப்பிட்டால் சரியாகிவிடாதா?" ஆகாது. நொதி மந்தமாவதும் தட்டணுக்கள் ஒட்டாமல் போவதும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிற சங்கதி இல்லை. நேரம் மாற்றுவது உதவுவது இரும்புச்சத்து மாத்திரைக்குத்தான். குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விடலாம். ஆனால் ரத்தசோகைக்காக இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதே நேரத்தில் குர்குமின் எதற்கு?

படி 4: மாத்திரை எதுவும் இல்லாவிட்டாலும் யாருக்கு வேண்டாம்?

பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு. 40 மி.கி. குர்குமினே பித்தப்பையைப் பாதியளவு சுருக்கிவிடும் என்று ஸ்கேன் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுருங்கும்போது கல் நகர்ந்து குழாயில் அடைத்தால் நேராக அவசரப் பிரிவுதான்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் மஞ்சள் தூளையே கேப்சூலில் அடைத்து விற்பதைத் தவிர்க்க வேண்டும். தூளில் கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் அதிகம், தினம் 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கே சிறுநீரில் ஆக்சலேட் கூடியது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் சாப்பாட்டில் உள்ள மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

படி 5: வாங்கும்போதும், சாப்பிடத் தொடங்கும்போதும்

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். முன்பக்கத்தில் "1,500 மி.கி." என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் "ஒரு வேளைக்கு 3 கேப்சூல்" என்று இருக்கும். "மஞ்சள் தூள்", "மஞ்சள் சாறு", "குர்குமினாய்டுகள்" மூன்றும் வேறு வேறு. கடைசியாகச் சொன்னது எத்தனை மி.கி. என்பதுதான் உங்களுக்குத் தேவை. பைப்பரின் அல்லது கருமிளகுச் சாறு இருக்கிறதா, வேறு மூலிகைகள் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மூட்டு வலி மருந்து என்று எட்டுப் பத்து மூலிகையைக் கலந்து வருவதில் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையோடு 14 இலக்க உரிம எண் இருந்தால் அது உணவு வகையில் வருகிறது, ஆயுஷ் உரிமம் இருந்தால் மருந்து வகையில் வருகிறது. இரண்டும் இல்லாததைத் தொடவே வேண்டாம். கன உலோகங்களுக்குச் சோதித்த அறிக்கையை நிறுவனம் தருமானால் கூடுதல் நிம்மதி. வங்காளதேசத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிய ஈய குரோமேட் என்ற நச்சு நிறமியைப் பூசியதை ஆய்வாளர்கள் 2019இல் வெளிக்கொண்டுவந்தார்கள். அரசு கெடுபிடி செய்த பிறகே 2021க்குள் அங்கே அது அடங்கியது. மிகை மஞ்சள் நிறம் தரத்துக்கு அடையாளமில்லை.

சாப்பிடத் தொடங்கும் தேதியை அட்டையிலேயே எழுதுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, கொஞ்சம் எண்ணெய் அல்லது நெய் சேர்ந்த சாப்பாட்டோடு, குறைந்த அளவில் ஒரு வேளை மட்டும். முதல் தடவை என்றால் பைப்பரின் இல்லாததாகப் பார்த்து வாங்குவதே என் சிபாரிசு. அதே வாரத்தில் வேறு புது மாத்திரை எதையும் தொடங்க வேண்டாம். மலம் மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது சாதாரணம். வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி, தோலில் தடிப்பு வந்தால் அளவைக் குறைக்கலாம் அல்லது விட்டுவிடலாம். மூட்டு வலிக்கென்றால் 4 முதல் 8 வாரம் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் இன்னொரு டப்பா வாங்குவது காசுக்குக் கேடு.

படி 6: கல்லீரலைக் கவனிப்பது

இத்தாலியில் 2019இல் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. கலப்படம் என்று முதலில் சந்தேகித்தார்கள், அப்படி எதுவும் கிடைக்கவில்லை. "கல்லீரலுக்கு நல்லது" என்று இவற்றின் மேல் எழுதுவதையே 2022இல் அந்நாட்டு அரசு தடை செய்தது. அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு, மஞ்சளால் வந்த 10 பேரின் விவரத்தை வெளியிட்டது. அவர்களில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். 10 பேரில் 7 பேரிடம் ஹெச்.எல்.ஏ.-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. ஆஸ்திரேலிய அரசும் 2023இல் எச்சரிக்கை வெளியிட்டது.

சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது அரிதுதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நன்றாக உறிஞ்சும்படி செய்த தயாரிப்புகளிலும் அதிக அளவிலும் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறார்கள். பெரும்பாலும் தொடங்கிய ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் வருகிறது, அட்டையில் தேதி எழுதச் சொன்னது இதற்கும்தான்.

காரணமில்லாத அசதி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, டீ நிறத்தில் சிறுநீர், உடம்பெல்லாம் அரிப்பு, கண் வெள்ளை மஞ்சளாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்துங்கள். காமாலைக்கு மந்திரிக்கவோ கீழாநெல்லி அரைக்கவோ நேரத்தைக் கழிக்காமல் எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தினாலே சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. தேறியபிறகு, "இதுதான் காரணமா பார்ப்போம்" என்று மறுபடி சாப்பிட்டுச் சோதிக்க வேண்டாம். இரண்டாம் முறை இன்னும் கடுமையாக வரலாம்.

மருத்துவரிடம் போகும்போது டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். "வேற என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டால் மஞ்சள் மாத்திரையை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் வைரஸா, மதுவா, பித்தக்கல்லா என்று தேடி நாள் போகிறது. பக்க விளைவு வந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் நீங்களே தெரிவிக்கலாம், மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. பிராண்ட், பேட்ச் எண், தொடங்கிய தேதி, கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள் இத்தனையும் கேட்பார்கள். ஆகவே கேப்சூல் தீர்ந்தாலும் காலி டப்பாவை இரண்டு மாதமாவது தூக்கிப் போடாமல் வையுங்கள்.